கத்தரியிலை நிக்கிற புள்ளி வண்டு: எதை விடுறது, எதை நசுக்கிறது?

கோண்டாவில் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாலை கிணத்தடியிலை நாலு பாத்தி கத்தரி வைச்சிருக்கிறன். வேலியோரம் பயிற்றை, சின்னப் பந்தலிலை பாகல், மூலையிலை ஒரு பூசணிக்கொடி. சந்தைக்கு இல்லை, வீட்டுக் கறிக்குத்தான். இப்ப எல்லாத்திலையும் புள்ளி வண்டு நிக்குது. அதாலை வீட்டிலை ரெண்டு கட்சி.

மாமா முந்தி உருளைக்கிழங்கு செய்தவர். புள்ளி போட்ட வண்டு எதைக் கண்டாலும் அவருக்கு அது இலை தின்னிதான், உடன மருந்தடிக்கிற மெசினைத் தூக்கித் தோளிலை கொழுவிப்போடுவார். மகள் ஆறாம் வகுப்பு. பொறிவண்டு நல்ல பூச்சி, அழுக்கணவனை (அசுவினி, குருத்திலை சாறு உறிஞ்சிற சின்னப் பூச்சி) தின்னும், கொல்லக்கூடாது எண்டு படிச்சுப்போட்டு வந்து அப்பப்பாவோடை ஒவ்வொரு பின்னேரமும் வாக்குவாதம். நடுவிலை நான்.

புள்ளியை எண்ணினால் ஆர் எவர் எண்டு பிடிச்சுப்போடலாம் எண்டு நினைச்சு, கொஞ்சத்தை ஹோர்லிக்ஸ் போத்தலுக்கை போட்டு வைச்சு எண்ணினன். கத்தரியிலை பிடிச்சதிலை ஒண்டுக்கு 26, ஒண்டுக்கு 20, இன்னொண்டுக்கு வெறும் 12. மூண்டும் ஒரே இலையிலை நிண்டது! பயிற்றையிலை நிக்கிறதுக்குப் புள்ளி எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, மஞ்சளிலை கறுப்பு நெளிகோடு. கிளிசெறியாக் கதியாலிலை (வேலிக்கு நட்ட உயிர்த்தடி) நல்ல சிவப்பா ஒண்டு, அதுக்குக் குறுக்கை கறுப்புப் பட்டை. பூசணி இலையிலை எலுமிச்சம்பழ நிறத்திலை சின்னன் ஒண்டு, செட்டையிலை ஒரு அடையாளமும் இல்லை.

இணையத்திலை தேடினால் ரெண்டு புள்ளி, ஏழு புள்ளி, பத்துப் புள்ளி, பதினாலு புள்ளி எண்டு வடிவான அட்டவணை வருது. அதிலை ஒண்டும் என்ரை போத்தலுக்குள்ளை இருக்கிறதோடை பொருந்தேல்லை. புள்ளி கூடினால் வயசு கூடினதெண்டு மகள் சொல்லுறா. உண்மையோ?

மற்றது, தொட்டால் காலடியிலை மஞ்சள் தண்ணி விடுது, கை சரியான மணம். அது நஞ்சோ எண்டும் ஆராவது சொல்லுங்கோ. மாமா சனிக்கிழமை அடிக்கிறதெண்டு நிக்கிறார்.


அச்சுவேலி வெங்காயம்:

தங்கச்சி, கத்தரியிலை நிக்கிறது எபிலக்னா, இலை தின்னுற புள்ளி வண்டு. ஆராய்ச்சி தேவையில்லை, மாமா சொல்லுறதைக் கேளுங்கோ. விட்டுப்பாத்தால் காம்பும் நரம்பும்தான் மிஞ்சும். மற்றதுகளைப் பற்றி எனக்குத் தெரியாது, வெங்காயத்துக்கு உதுகள் வாறேல்லை.


செம்மண் கிழவர்:

பிள்ளை, சனிக்கிழமைக்கு முதல் எழுதவேணும் எண்டதுக்காக இரவிரவா இருந்து ஒரு விரலாலை தட்டுறன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளும். நான் விவசாயப் போதனாசிரியரா இருந்து இளைப்பாறினவன். உரும்பிராய், நீர்வேலி, புத்தூர் எண்டு சைக்கிளிலை திரிஞ்ச காலத்திலை, தோட்டத்துக்குள்ளை காலை வைச்ச உடன உந்தக் கேள்விதான் வரும். வண்டைக் கையிலை பொத்திக்கொண்டு ஓடிவருவினம். நான் முதல் கேக்கிறது, "எதிலை பிடிச்சனீர்?"

புள்ளி எண்ணுறதை விடும். அது கடைசியாப் பாக்கவேண்டிய சாமான்.

முதல் மினுக்கத்தைப் பாரும். போத்தலை வெயிலிலை பிடிச்சுத் திருப்பும். கத்தரி வண்டு மங்கலாத் தெரியும், வெளிச்சம் அதிலை தெறிக்காது. காரணம், செட்டை முழுக்கக் கட்டையான மெல்லிய மயிர். வெறுங்கண்ணுக்கு மயிர் தெரியாட்டிலும் மங்கல் தெரியும். பயிற்றையிலையும் கதியாலிலையும் பிடிச்சதுகள் வார்னிஷ் அடிச்ச மாதிரி மினுங்கும். பூச்சி தின்னுற இனங்களிலையும் சிலதுக்கு மயிர் இருக்கு, ஆனால் அதுகள் சின்ன வண்டுகள், ஆறு ஏழு மில்லிமீற்றர் கத்தரி வண்டோடை குழம்பாது.

பிறகு இலை. எபிலக்னா இலையை விளிம்பிலையிருந்து வெட்டித் தின்னுற சாதி இல்லை. அடிப்பக்கத்திலை நிண்டு பச்சையை வரிவரியாச் சுரண்டும், மேல்தோலை விட்டுவிடும். அந்த இடம் முதல் வெளிச்சம் தெரியிற அளவுக்கு மெலிஞ்சிருக்கும், பிறகு காய்ஞ்சு கபிலமாகும், பிறகு உதிர்ந்து ஓட்டையாகும். அந்தச் சுரண்டல் வரியைக் கண்டால் வண்டு பறந்துபோயிருந்தாலும் ஆர் வந்துபோனதெண்டு சொல்லலாம். பயிற்றையிலை அப்பிடி ஒரு வரி காட்டும் பாப்பம்! காட்டமாட்டீர். அங்கை குருத்திலையும் பிஞ்சுக் காயிலையும் கறுப்பு அழுக்கணவன் அப்பிக்கொண்டு நிக்கும், எறும்பு ஏறி இறங்கும், அதுக்குள்ளைதான் உம்மடை நெளிகோட்டுக்காரர் மேயிறார்.

இனி உம்மடை 26, 20, 12. மூண்டும் ஒரே இனம். ஊரிலை 28 புள்ளி வண்டெண்டுவினம், விஞ்ஞானப் பேர் ஹெனோசெபிலக்னா விஜின்ரியோக்ரோபங்ராற்றா. ஒரு செட்டைக்கு 14 புள்ளிக்கு இடம் இருக்கு. அதிலை 6 எப்பவும் நிக்கும். மற்ற 8 நிண்டாலும் நிக்கும், நிக்காட்டிலும் நிக்காது, சிலதிலை பக்கத்துப் புள்ளி ரெண்டு ஒட்டி ஒரு திட்டாப் போகும். ஆனபடியால் ஒரே பாத்தியிலை 12 இலையிருந்து 28 வரை எந்த எண்ணும் வரலாம். நீர் எண்ணினது சரி, எண்ணிக்கைதான் ஒண்டுக்கும் உதவாது.

வயசுக்கும் புள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையெண்டு மகளுக்குச் சொல்லும். கூட்டுப்புழுவிலையிருந்து வெளியிலை வந்த உடன வண்டு வெளிறின மஞ்சளா, மெத்தெண்டு, ஒரு புள்ளியும் இல்லாமல் இருக்கும். செட்டை இறுக இறுகச் சில மணித்தியாலத்துக்குள்ளை நிறமும் புள்ளியும் ஏறும். பிறகு சாகுமட்டும் ஒண்டு கூடாது, ஒண்டு குறையாது. விடிய வெள்ளணத் தோட்டத்துக்குப் போனால் இலைக்குக் கீழை அப்பிடி வெளிறினது ஒண்டு வெறுங்கூட்டுக்குப் பக்கத்திலை நிக்கும். மகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டும், என்ரை சொல்லை நம்பவேண்டாம்.

நெளிகோட்டுக்காரரின்ரை பேர் செய்லோமினீஸ் செக்ஸ்மாகுலேற்றா. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு ஒரே ஒரு பொறிவண்டைத்தான் தெரிஞ்சிருக்கலாமெண்டால் நான் இதைத்தான் காட்டுவன். நாலு தொடக்கம் ஆறு மில்லிமீற்றர். மஞ்சள் அல்லது தோடம்பழ நிறம், செட்டை ரெண்டும் சேருற இடத்திலை ஒரு கறுப்புக்கோடு, ஒவ்வொரு பக்கத்திலையும் ரெண்டு நெளிவு, பின்னுக்கு ஒரு புள்ளி. இதிலையும் ஏமாத்து இருக்கு: சிலதிலை நெளிவு தடிச்சுத் தடிச்சு, கறுப்பிலை மஞ்சள் திட்டு வைச்ச வண்டெண்டு சொல்லுற அளவுக்கு மாறிப்போகும். வேறை இனமெண்டு நினைச்சுப்போடாதையும். பயிற்றை இல்லாத வீட்டுக்காரர் றோட்டோரம் எருக்கலையைப் போய்ப் பாருங்கோ. குருத்திலை மஞ்சள் அழுக்கணவன் மொய்ச்சிருந்தால் இவரும் கிட்டடியிலை நிப்பார்.

கதியாலிலை பிடிச்ச சிவப்பு, கொக்சினெல்லா ட்ரான்ஸ்வேர்சாலிஸ். அதுக்குக் கழுத்தைப் பாரும். தலைக்கும் செட்டைக்கும் நடுவிலை ஒரு தட்டு இருக்கெல்லே? அது கறுப்பு, முன்மூலை ரெண்டிலையும் மட்டும் செம்மஞ்சள் திட்டு. நெளிகோட்டுக்காரரின்ரை கழுத்து மஞ்சள், நடுவிலை கறுப்பு. அழுக்கணவன் விழுந்த கிளிசெறியாக் குருத்து ரெண்டுக்கும் சாப்பாட்டுக் கடை. வேலியை வெட்டிச் சாய்க்கமுதல் ஒருக்கால் நிமிர்ந்து பாக்கச் சொல்லி நான் எத்தினையோ பேரோடை மினக்கெட்டிருக்கிறன். ரெண்டுக்கும் 1781 இலை பேர் வைச்சது ஒரே ஆள், டென்மார்க் பூச்சியியலாளர் பாப்ரீசியஸ். கத்தரி வண்டுக்கும் அவர்தான், அது 1775 இலை. மனிசன் சும்மா இருக்கேல்லை.

பூசணியிலை நிண்ட மஞ்சள் சின்னன் இல்லெயிஸ் வகை. கழுத்துத் தட்டு வெள்ளை, அதிலை ரெண்டு கறுப்புப் பொட்டு. அது இலையும் தின்னாது, அழுக்கணவனும் தின்னாது. பூசணி இலையிலை படியிற வெள்ளைப் பூஞ்சணத்தை மேயிறது. அதைக் கண்டால், இலையிலை நோய் விழுந்துட்டுது எண்டு விளங்கும். வண்டை விட்டுப்போட்டு நோயைப் பாரும்.

மஞ்சள் தண்ணி வண்டின்ரை ரத்தம்தான். பயப்பிடேக்கை கால் மூட்டாலை தானா விடும். கைப்பு அதிலை இருக்கிற அல்கலொயிட் எண்ட இரசாயனத்தாலை. குருவி ஒருக்கால் கொத்தினால் அடுத்த முறை யோசிக்கும். கையைக் கழுவினால் சரி, கண்ணைக் கசக்கவிடாதையும். ஆனால் நல்லதும் விடும், கத்தரி வண்டும் விடும். ஆகையாலை அதை வைச்சு ஆரையும் பிடிக்கேலாது.

இனித்தான் முக்கியமானது. சனம் கூட அழிக்கிறது வண்டை இல்லை, குடம்பியை, அதாவது வண்டின்ரை புழுப் பருவத்தை. நெளிகோட்டுக்காரரின்ரை குடம்பியைக் கண்டால் ஒருத்தருக்கும் பொறிவண்டின்ரை பிள்ளையெண்டு தோணாது. நீட்டு உடம்பு, கறுப்பு, சாம்பல், அங்கங்கை வெள்ளை, மஞ்சள் திட்டு, ஆறு கால் வெளியிலை தெரிய ஓடித்திரியும். அருவருப்பா இருக்கெண்டு நசுக்குவினம். அதுதான் கூடத் தின்னுற பருவம்! எபிலக்னாவின்ரை குடம்பி மஞ்சள், குண்டு, உடம்பு முழுக்கக் கிளைவிட்ட முள்ளு. ஓடாது, இலைக்குக் கீழை கிடந்து சுரண்டும். முள்ளு எண்டால் நசுக்கு, ஓட்டமெண்டால் விடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவும் காணும்.

முட்டையிலை குழப்பம் வரும். ரெண்டும் மஞ்சள், ரெண்டும் நட்டமா நிக்கும், ரெண்டும் கூட்டமா இருக்கும். கத்தரி இலைக்குக் கீழை அழுக்கணவன் ஒண்டும் இல்லாமல் மஞ்சள் முட்டைக் கூட்டம் இருந்தால் நசுக்கும். அழுக்கணவனுக்கு நடுவிலை இருந்தால் கை வையாதையும்.

மாமா பிழையான ஆள் இல்லை. உருளைக்கிழங்கும் கத்தரியும் ஒரே குடும்பம். அவர் வாழ்க்கை முழுக்கக் கண்ட புள்ளி வண்டு எபிலக்னாதான். தக்காளி, மணித்தக்காளி, ஊமத்தை எல்லாத்திலையும் அது வரும். மகள் படிச்சது மற்றக் கூட்டத்தைப் பற்றி. ரெண்டு பேரையும் ஒரே பாத்தியிலை நிக்கவைச்சால் சண்டை வராமல் என்ன செய்யும்? மாமாவைக் கத்தரிக்கும் மகளைப் பயிற்றைக்கும் பொறுப்பா விடும்.

நாலு பாத்திக்கு மருந்து வேண்டாம். எபிலக்னாவைத் தொட்டால் காலை மடக்கிக்கொண்டு கீழை விழும், அதுதான் அதின்ரை தந்திரம். ஒரு சட்டியிலை சவுக்காரத் தண்ணி எடுத்து இலைக்குக் கீழை பிடிச்சுக்கொண்டு தட்டும். முட்டையும் குடம்பியும் இருக்கிற இலையைக் கிள்ளி அதே சட்டிக்குள்ளை போடும். வெக்கைக்கு முட்டையிலிருந்து வண்டாக ஒரு மாதம்கூடத் தேவையில்லை, ஆனபடியால் ஒருநாள் செய்துபோட்டு விட்டுட்டு இருக்கேலாது. கூடினால் வேப்பங்கொட்டைச் சாறு, அதையும் இலையின்ரை அடிப்பக்கம் நனையக் கத்தரிக்கு மட்டும் அடியும்.

பயிற்றையிலை மருந்தடிச்சால் என்ன நடக்கும் தெரியுமோ? அழுக்கணவனும் சாகும், வண்டும் சாகும். அழுக்கணவனிலை பெண் சோடி சேராமலே குட்டி போடும், மிஞ்சின ஒண்டு ரெண்டு கெதியாப் பழையபடி பெருகிவிடும். வண்டுக்கு முட்டை, குடம்பி, கூட்டுப்புழு எண்டு சுத்தி வரக் காலம் வேணும். அந்த இடைவெளியிலை பயிற்றை போச்சு. எறும்பு ஏறாமல் பாத்தால் அதுவே பாதி வேலை. அழுக்கணவன் விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு காவல் நிண்டு வண்டைத் துரத்தும்.

கண் நோகுது, நிப்பாட்டுறன்.


வடமராட்சி கமராக்காரன்:

ஐயா எழுதினது தங்கம். ஆனால் புள்ளி கடைசி எண்டதை நான் அப்பிடியே ஒத்துக்கொள்ளமாட்டன். எண்ணிக்கைதான் உதவாது. புள்ளி எங்கை இருக்கு, எதோடை ஒட்டுது, கழுத்துத் தட்டிலை என்ன இருக்கு எண்டது உதவும். பருத்தித்துறைப் பக்கம் நான் எடுத்த படங்களைப் பெரிய ஆக்களுக்குக் காட்டி இனம் கேக்கேக்கை அவை முதல் கேட்டது கழுத்துப் படம்தான்.

அக்கா, படம் எடுக்கிறதெண்டால் மேலையிருந்து ஒண்டு, முன்னாலையிருந்து முகம் கழுத்துத் தெரிய ஒண்டு, திருப்பிப்போட்டு வயித்துப் பக்கம் ஒண்டு. பக்கத்திலை ஒரு அடிமட்டம். ஓடுதெண்டால் போத்தலோடை பிறிஜ்ஜின்ரை கீழ்த்தட்டிலை கொஞ்ச நேரம் வையுங்கோ (மேலை ஐஸ் பெட்டியிலை இல்லை, செத்துப்போம்). வெளியிலை எடுத்தால் சூடு ஏறுமட்டும் அசையாது. பிளாஷ் போட்டால் மினுக்கத்திலை புள்ளி அழிஞ்சுபோகும், வெள்ளைத்துணிக்குக் கீழை நிழல் வெளிச்சத்திலை எடுங்கோ.

ஒரு எச்சரிக்கை. பூசணியிலை செம்மஞ்சள் நிறத்திலை, புள்ளி இல்லாத, கொஞ்சம் நீட்டு வண்டு ஒண்டு நிக்கும். பொறிவண்டெண்டு கனபேர் படம் போடினம். அது சிவப்புப் பூசணி வண்டு, இலை தின்னி. உணர்கொம்பைப் பாருங்கோ, நீட்டா நூல்போலை ஆட்டிக்கொண்டு நிக்கும். பொறிவண்டின்ரை உணர்கொம்பு கட்டை, நுனி தடிச்சது, தலைக்குக் கீழை மறைச்சு வைச்சிருக்கும். லென்ஸ் இருந்தால் பாதத்தையும் பாக்கலாம்: பொறிவண்டுக்கு மூண்டு கணு தெரியும், பூசணி வண்டுக்கு நாலு.

புள்ளியே இல்லாத நல்லதுகளும் இருக்கு. வயல் பக்கம் நெல்லிலை மிக்ராஸ்பிஸ் டிஸ்கலர், செம்மஞ்சள், செட்டை சேருற இடத்திலை கறுப்புக் கோடு மட்டும், பயிரிலை சாறு உறிஞ்சிற தத்திப் பூச்சியின்ரை குஞ்சுகளைத் தின்னும். தென்னோலையிலை செதில்பூச்சி பிடிச்ச இடத்திலை முழுக் கறுப்பா, உருண்டையா, பளபளவெண்டு ஒண்டு நிண்டால் அது கைலோகோரஸ் நைகிரிற்றா. அதைக் கரப்பான் குஞ்செண்டு அடிச்ச ஆக்களை எனக்குத் தெரியும். புருமொய்டீஸ் எண்டு ஒண்டு, வெளிறின உடம்பிலை நீட்டுக்கு மூண்டு கறுப்புக் கோடு, மூண்டு மில்லிமீற்றர்தான்.


பனியிலை பனங்காய்:

கனடா ஸ்காபுறோவிலையிருந்து எழுதுறன். அந்த அட்டவணை அக்காவுக்குப் பொருந்தாததுக்குக் காரணம், அது ஐரோப்பாவுக்கும் இஞ்சத்தைக்கும் போட்டது. ஆனால் இஞ்சையும் எண்ணிக்கை உதவாதுதான். எங்கடை வீட்டுக்குள்ளை ஒக்ரோபர் வந்தால் யன்னலோரம் குவியிறது ஹார்மோனியா அக்சிரிடிஸ். கிழக்கு ஆசியாப் பூச்சி, அமெரிக்காவிலை 1988 இலை லூசியானாவிலை காலூன்றினதெண்டு பதிவு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, முழுக் கறுப்பிலை சிவப்புப் பொட்டு, எல்லா நிறமும் ஒரே யன்னலிலை. புள்ளி ஒண்டுமில்லாததும் இருக்கு, 19 உள்ளதும் இருக்கு. ஆக்கள் பாக்கிறது வெள்ளைக் கழுத்திலை இங்கிலிஷ் எம் எழுத்துப்போலை இருக்கிற கறுப்பு அடையாளத்தை.

அந்த மஞ்சள் தண்ணியின்ரை கதை இஞ்சை பெரிய கதை. முந்திரிகைக் குலைக்குள்ளை இந்த வண்டு இருந்து பழத்தோடை நசுங்கினால் வைனிலை மணம் ஏறும். 2001 இலை ஒன்ராறியோ வைன் கனக்க இதாலை பழுதாப்போனது. எங்கடை அம்மா விளக்குமாறாலை கூட்டி அள்ளப்போய் வெள்ளைத் திரைச்சீலை முழுக்க மஞ்சள். வாக்யூமாலை உறிஞ்சுங்கோ எண்டு பிறகுதான் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொன்னவர்.


செம்மண் கிழவர்:

கமராக்காரத் தம்பி, இடமும் ஒட்டும் எண்டு நீர் சொல்லுறது சரி. அதை எண்ணுறதெண்டு சொல்லமாட்டினம், பாக்கிறதெண்டு சொல்லுவினம். நான் சண்டை பிடிச்சது எண்ணுறதோடை.

கனடாத் தம்பி, உம்மடை வண்டை அங்கையே வைச்சிரும்.


கோண்டாவில் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமாவையும் மகளையும் ஒண்டாக் கூட்டிக்கொண்டு போனன். கத்தரி இலையைத் திருப்பினால் ஐயா சொன்ன வரி அப்பிடியே இருக்கு. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாத்துப்போட்டு, "இது நான் உருளைக்கிழங்கிலை கண்டதுதான்" எண்டார். பயிற்றையிலை ஒரு நெளிகோட்டுக்காரர் அழுக்கணவனைப் பிடிச்சு முன்காலாலை அமத்திக்கொண்டு சப்பிறதை மகள் அவருக்குக் காட்டினவ. அவர் ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் சனிக்கிழமை மெசின் தாழ்வாரத்திலைதான் கிடந்தது. சவுக்காரத் தண்ணிச் சட்டி இப்ப அவரின்ரை கையிலை. மகளை விட ஆர்வம்.

ரெண்டு சந்தேகம் மிச்சம். ஒண்டு, செவ்வரத்தையிலை வெண்மூட்டுப்பூச்சி (மாவுப்பூச்சி) பிடிச்சிருக்கு. அதுக்குள்ளை கொஞ்சம் பெரிசா, வெள்ளை மெழுகு நூல் நீட்டிக்கொண்டு ஒண்டு நகருது. அதுவும் மூட்டுப்பூச்சிதானோ?

மற்றது, பாகலிலையும் மங்கலான புள்ளி வண்டு நிக்குது. கத்தரியிலை நிக்கிறது அங்கை தாவினதோ? பாகல் கத்தரிக் குடும்பம் இல்லையே. அதிலை பிடிச்ச எல்லாத்துக்கும் 12 தான்.


அச்சுவேலி வெங்காயம்:

மாமா மெசினை விக்கிறதெண்டால் சொல்லுங்கோ.


செம்மண் கிழவர்:

செவ்வரத்தையிலை நகருறதை ஈர்க்காலை மெதுவா ஒருக்கால் தட்டும். மூட்டுப்பூச்சி அசைய மனமில்லாமல் கிடக்கும். கெதியா ஓடினால் அது பொறிவண்டின்ரை குடம்பி. மூட்டுப்பூச்சி தின்னுற சில இனங்களின்ரை குடம்பியள் தாங்களும் மெழுகைப் பூசிக்கொண்டுதான் திரியும், எறும்புக் காவலுக்கை தப்ப அது உதவும். பேர்போனது கிரிப்ரோலேமஸ் மொன்ரூசியேரி, அவுஸ்திரேலியாக்காரன். மூட்டுப்பூச்சிக்கெண்டு பல நாட்டிலை வளர்த்து விட்டிருக்கினம், இந்தியாவுக்கு 1898 இலையே கொண்டுவந்தது. வளர்ந்த வண்டுக்குச் செட்டை கருங்கபிலம், தலை, கழுத்து, செட்டை நுனி மூண்டும் செம்மஞ்சள். சிம்னஸ் எண்ட சின்ன இனங்களின்ரை குடம்பியும் இதே வெள்ளைதான். உம்மடை செவ்வரத்தையிலை நிக்கிறது எதெண்டு வண்டாக வந்தால்தான் சொல்லலாம். அந்தக் கொப்பை ஒரு போத்தலிலை வைச்சு, வாயைத் துணியாலை கட்டி, மூட்டுப்பூச்சி குறையாமல் போட்டுக்கொண்டு மகளைப் பாத்துக்கொள்ளச் சொல்லும். வந்ததைக் கமராக்காரத் தம்பியிட்டைக் காட்டலாம்.

பாகலுக்கு வருவம். கத்தரி வண்டு வெள்ளரி, பாகல் குடும்பத்தையும் தின்னும், ஆகையாலை தாவியிருக்கலாம். ஆனால் தென்னிந்தியாவிலை பாகலைத் தேடி வாற ஹெனோசெபிலக்னா செப்டிமா எண்ட சொந்தக்காரன் ஒருத்தனும் இருக்கிறான், பாத்தால் ஒரே சாயல். 12 எண்டு நீர் எண்ணினது ரெண்டுக்கும் பொருந்தும். எபிலக்னாக் கூட்டத்திலை ஒண்டை ஒண்டு நிச்சயமாப் பிரிக்கிறதெண்டால் வண்டை அறுத்து, ஆணின்ரை இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியிலை வைச்சுப் பாக்கவேணும். மேலையிருக்கிற புள்ளியை வைச்சுப் பேர் சொல்லுறவனை நான் நம்பமாட்டன், என்னையும் சேர்த்து.

இலைக்குக் கீழை வரி இருக்கோ? இருந்தால் அதே சட்டி, அதே சவுக்காரத் தண்ணி. பந்தல் உயரமெண்டால் மாமாவை ஏணியிலை ஏறவிடாதையும், கொடியைக் கீழை இழுத்துத் தட்டச் சொல்லும்.